இடதில் சைபர், வலதில் ஒன்று

2024 நவம்பர் 20, புதன்கிழமை. காலை ஐந்து நாற்பது. தூறல், காற்று கடல் பக்கமிருந்து. திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக் கண்ணாடி முன் நின்று கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆறு வருடமாகத் தினமும் அப்படித்தான் நிற்கிறேன். இடது கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய் வந்தது. கன்னத்தில் அறுவை சிகிச்சை செய்து, இடது கழுத்தையும் திறந்து நெறிகட்டிகளை எடுத்து, முப்பத்து மூன்று முறை கதிர் வைத்தார்கள். நோய் போய்விட்டது. ஐந்தாம் வருடம் முடிந்தபோது, இனி வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். மகள் கேசரி செய்தாள். எனக்கோ அன்றிலிருந்துதான் பயம் கூடிற்று. அதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது தொட்டுப் பார்த்து ஒன்றும் இல்லை என்பார்கள். இனி நான் ஒருவனே காவல். ஒரு நாள் முழுக்க எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தாறு தடவை கை கழுத்துக்குப் போயிருந்தது. பிழைத்து வந்தவன் இதைச் சொன்னால் நன்றிகெட்ட பேச்சாகிவிடும் என்று யாரிடமும் சொன்னதில்லை.

என் வேலையைச் சொன்னால்தான் அன்று நடந்தது புரியும். துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் டாலி கிளார்க்காக இருந்தேன். மூட்டை இறங்கும்போது கப்பல் தரப்பில் ஒருவர் எண்ணுவார், கரைத் தரப்பில் நான் எண்ணுவேன். ஷிஃப்ட் முடிந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு மூட்டை வித்தியாசம் வந்தாலும் கையெழுத்து கிடையாது.

வெட்டிய பக்கத்தை மட்டுமே பார்த்து வந்தவனுக்கு, வலது பக்கத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன என்று அன்று ஏன் தோன்றியதோ தெரியவில்லை. தாடைக்குக் கீழே இடதில் ஒன்றும் இல்லை. வலதில் நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று வழுக்கிக்கொண்டு நின்றது. ஐந்து முறை திரும்பத் திரும்பப் பார்த்தேன். இடதில் சைபர், வலதில் ஒன்று. வந்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

இட்லி இறங்கவில்லை. என் மனைவி ராயபுரத்தில் பிறந்தவள். நாற்பத்தொரு வருடம் என்னோடு இருந்தும் பேச்சை மாற்றிக்கொள்ளாதவள். "இன்னாய்யா, காலீலேந்து கழுத்தயே புட்சிகினு கீற?" என்றாள். சுளுக்கு என்றேன். என் கையைத் தட்டிவிட்டுத் தன் கையை வைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் அவளுக்குப் பென்ஷன் புத்தகம் எங்கே, கேஸ் புத்தகம் எங்கே, இன்ஷூரன்ஸ் தாள் எந்த டப்பாவில் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். நாலாவது டப்பா வரைக்கும் பொறுத்துக்கொண்டாள்.

"எல்லாம் எனுக்குத் தெரியும். வாய மூடிகினு வா."

டாக்டர் என் மகளைவிட இளையவர். இரண்டு பக்கமும் அழுத்திப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. அது எச்சில் சுரப்பி என்றார். எல்லோருக்கும் பக்கத்துக்கு ஒன்று இருக்குமாம். இடது பக்கத்தில் இருந்ததை நெறிகட்டிகளோடு சேர்த்து ஆறு வருடத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்களாம். சரக்கு குறைந்த பக்கத்தைச் சரியென்று வைத்துக்கொண்டு, முழுதாக இருந்த பக்கத்தில் ஒன்று அதிகம் என்று நான் கணக்கு எழுதியிருக்கிறேன். முப்பத்தொரு வருட அனுபவம்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை தொட்டுப் பார்ப்பீர்கள் என்று கேட்டார். நாற்பத்தாறு என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"நோய் போன அன்னிக்கே பயமும் போயிடாது ஐயா. பத்து வருஷம் ஆனவங்களும் இதே நாற்காலியில உட்கார்ந்து இதைத்தான் சொல்றாங்க."

வெள்ளிக்கிழமைகளில் அங்கே இதைப் பற்றிப் பேசவே ஒருவர் வருகிறாராம். வரச் சொன்னார். சரி என்றேன். என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு அவளுக்கும் அன்றுதான் தெரியும்.

திரும்பும்போது பஸ் பிடித்தோம். கல்மண்டபம் தாண்டியதும் அவள் ஆரம்பித்தாள்.

"ஆறு வருசமா ஒண்டியா எண்ணிகினு இருந்துகீற. கப்பல்காரன் இல்லாம கரைக்காரன் மட்டும் எண்ணுனா, நீ கையெழுத்துப் போடுவியா?"

போடமாட்டேன் என்றேன்.

"அப்ப இது இன்னா கணக்கு? மாசம் பொறந்தா ஒரு வாட்டி, நீயும் பாரு, நானும் பாக்கறேன். மத்த நாள்ல கை கழுத்துக்குப் போச்சு, ஒட்ச்சிடுவேன்."

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு அவசரமாக ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார்.

டிசம்பர் ஒன்றாம் தேதி, பாதி நறுக்கிய வெங்காயத்தை வைத்துவிட்டு வந்து பார்த்தாள். அவள் சொன்னதும் நான் பார்த்ததும் ஒத்துப்போயின. கண் எரிந்தது, வெங்காயக் கை. காலண்டர் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். வெள்ளிக்கிழமைப் பேச்சுக்கு இதுவரை மூன்று முறை போயிருக்கிறேன். பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். போன வாரம் ஒரு நாள் எண்ணியதில் பத்தொன்பது. எண்ணவே கூடாது என்கிறார் அங்கே பேசுகிறவர். அது நடக்காது என்று அவரிடமே சொல்லிவிட்டேன். ஆனால் ராத்திரி ஆறு மணி நேரம் முழுசாகத் தூங்குகிறேன், அதையும் எண்ணித்தான் சொல்கிறேன்.

அந்தப் புதன்கிழமைச் செலவு: போக ஆட்டோ 260, டாக்டருக்கு 500, திரும்ப பஸ்ஸில் எனக்கு 10, அவளுக்கு இலவசம். இறங்கிய இடத்தில், காலையில் சாப்பிடாததற்கும் சேர்த்துச் சாப்பிடு என்று அவள் வாங்கிய சங்கரா மீன் 240. ஆக மொத்தம் ஆயிரத்துப் பத்து ரூபாய்.