மாங்காய்க் காப்புக்கு மாற்றுத் தேடி மடுல்சீமைக்குப் போனது

சென்ற ஐப்பசியில் மடுல்சீமைக்குப் போய் வந்தேன். ஊவாப் பக்கத்து மழையை அறிந்த எவரும் ஐப்பசியில் அங்கே போகமாட்டார்கள். நான் போனேன். காரணம் என் மகள் தங்கம்.

நான் பதுளைக் கடைவீதியில் வெள்ளி வேலை செய்யும் தட்டான். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. வெள்ளித் தட்டானுக்குத் தங்கம் என்று ஒரு மகள் இருப்பதே ஊருக்குப் பெரிய வேடிக்கை. அவளுக்குத் தை மாதம் கலியாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை கண்டிப் பட்டணம். அவர்களும் தட்டார்கள், மூன்று தலைமுறையாக. அந்த மாதிரி வீட்டில் மருமகள் உள்ளே நுழைந்தால் முகத்தைப் பிறகுதான் பார்ப்பார்கள். முதலில் காலைப் பார்ப்பார்கள்.

காலுக்கு நான் செய்வது ஒரே காப்பு. கெட்டி வெள்ளியில் வளைத்து, மேலே வரிசையாக மாங்காய் செதுக்கியது. இருபத்தைந்து வருடமாக அதுதான். தோட்டத்து ஜனங்களும் அதையே கேட்டார்கள், நானும் அதையே அடித்தேன், குடும்பம் நடந்தது. தங்கத்துக்கும் ஒரு ஜோடி அடித்துக் கொடுத்தபோது அவள் அதைக் கையால்கூடத் தொடவில்லை.

"இதப் போட்டுக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள போனா, உங்கப்பாவுக்கு வேற ஒண்ணும் வராதான்னு கேப்பாங்க. நா என்ன சொல்றது? புதுசா ஒண்ணு செய்யுங்க. இல்லன்னா வெறுங்காலோட போறேன்."

தட்டான் மகள் வெறுங்காலோடு தட்டான் வீட்டுக்குப் போவது! அதற்கு நான் கடையை மூடிவிட்டு உப்பு விற்கப் போகலாம்.

பக்கத்துத் துணிக்கடைச் செட்டியாரிடம் இதைச் சொன்னது என் முதல் தப்பு. அவர் பத்திரிகை வாசிக்கிறவர். இயற்கையைப் பார்த்தால் கற்பனை ஊறும் என்றார். துன்ஹிந்தை அருவிக்குப் போய் அரை நாள் பார்த்தேன். ஜலதோஷம் ஊறியது. வரைந்துகொண்டு வந்த படத்தைப் பார்த்து என் மனைவி, முருங்கைக்காய் எதற்கு என்று கேட்டாள். செட்டியார் சளைக்கவில்லை. மடுல்சீமைக்குப் போங்கள், மலை, மேகம், தேயிலை, அங்கே வராத கற்பனை எங்கேயும் வராது என்றார். அவர் அங்கே போனதே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

விடியற்காலை ஐந்து மணிக்குக் காதர் நானாவின் ஒற்றைமாட்டு வண்டியில் கிளம்பினேன். பதுளையிலிருந்து பசறை பன்னிரண்டு மைல். கூலி ஒரு ரூபாய். ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடுவதால் நம் பக்கத்தில் மாடுதான் ரயில். அந்த மாடு வளைவுக்கு வளைவு நின்று யோசித்தது. ஏற்றத்தில் நான் இறங்கி நடக்க வேண்டும், இறக்கத்தில் வண்டி கவிழும் என்று மறுபடி இறங்கி நடக்க வேண்டும். சமதளம் வந்தால் ஏறிக்கொள்ளலாம். சமதளம் வரவே இல்லை. ஒரு ரூபாய் கொடுத்து மாட்டுக்குத் துணையாக நடந்து போனேன் என்று எழுதினால் அது பொய்யாகாது.

பதினொரு மணிக்குப் பசறை. அங்கே கடையில் சோறும் பருப்பும் பதினைந்து சதம், சோறு நன்றாக இருந்தது. இந்தப் பயணத்தில் நான் குறை சொல்லாத பொருள் அது ஒன்றுதான்.

பசறையிலிருந்து மடுல்சீமைக்கு எத்தனை மைல் என்று தயவுசெய்து யாரையும் கேட்காதீர்கள். கடைக்காரர் ஒன்பது என்றார். தபால்காரர் பதினாறு என்றார். காதர் நானாவிடம் வழி நெடுகக் கேட்டேன். "கிட்டத்தான்" என்றார். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டபோதும் கிட்டத்தான். இருட்டுகிற சமயம் வண்டியை நிறுத்தி, இனிமேல் மாடு ஏறாது, நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள் என்று மலையைக் காட்டினார். இதற்கு இன்னும் ஒன்றரை ரூபாய்.

இருட்டில் ஏறிப் போய், மடுல்சீமைச் சந்தைப் பக்கம் ஒரு கடை வாசலில் சாக்கை விரித்துப் படுத்தேன். காலையில் எழுந்ததும் மலையைப் பார்க்க ஆவலாக ஓடினேன். மலை இல்லை. மேகம் இருந்தது, என் மூக்குவரைக்கும் வந்து நின்றது. நீட்டிய கை தெரியவில்லை. இதைப் பார்த்து என்ன செதுக்குவது? வெள்ளிக் கட்டியை அப்படியே வைத்து மேகம் என்று சொல்லலாம், வேறு வழியில்லை.

மேகம் கொஞ்சம் விலகியதும் தேயிலை தெரிந்தது. அதைப் பார்த்த உடனே, சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இரண்டு இலையும் நடுவில் ஒரு குருத்தும். மாங்காய்க்குப் பதில் இதை வரிசையாகச் செதுக்கினால்? எவனும் செய்யாத வேலை. அங்கேயே குந்தி ஒரு காகிதத்தில் வரைந்தேன். குந்தி எழுந்தபோது இரண்டு காலிலும் ஏழெட்டு அட்டைகள்.

சித்திரம் வந்துவிட்டது, ஆனால் காலில் எப்படி உட்காரும் என்று பார்க்க வேண்டுமே. பக்கத்துத் தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தின் ஓரம் போய் நின்றேன். பெண்கள் வரிசையாக நின்றார்கள். நான் தொழில் முறைப்படி கால்களைப் பார்த்துக்கொண்டே போனேன். கணுக்கால் பருமன், காப்பு உட்காரும் இடம், எலும்பு தள்ளுகிற கோணம். தலையைத் தூக்கவே இல்லை. அப்படி நடந்து நடந்து ஒரு ஜோடிச் செருப்புக் காலில் முட்டி நின்றேன். அது கங்காணியின் கால்.

அவர் என்னை இரண்டு விதமாகச் சந்தேகப்பட்டார். ஒன்று, வேறு தோட்டத்துக்கு ஆள் கலைத்துக்கொண்டு போக வந்தவன். இன்னொன்றை நான் எழுதவில்லை.

"சம்பள நாளுமில்ல, சாமி கும்புடுற நாளுமில்ல. பொம்பளைங்க காலையே பாத்துக்கிட்டு நடக்குறீரே, யாருய்யா நீரு?"

"தட்டானுங்க. காப்புக்கு மாதிரி பாக்க வந்தேங்க."

"மொகத்தப் பாத்து ஆசப்பட்டவனக்கூட விட்டுருவேன். காலப் பாத்தவன நான் இப்பத்தான் பாக்குறேன்."

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. பதினாறு வயதில் கலியாணத்துக்கு நிற்கிற மகள் எனக்கு இருக்கிறாள் என்று சொன்னேன். அது விஷயத்தை இன்னும் மோசமாக்கியது. கடைசியில் கங்காணி என்னைத் தம் வீட்டுக்குக் கூட்டிப்போய், மனைவியின் அறுந்த வெள்ளி அரைஞாண் ஒன்றைக் கொடுத்தார். தட்டான் என்பது உண்மையானால் ஒட்டிக்காட்ட வேண்டும். இல்லாவிட்டால் துரையிடம் போகலாம்.

நல்லவேளை, ஊதுகுழலும் வெண்காரமும் எப்போதும் என் பைக்குள் இருக்கும். ஒட்டினேன். கங்காணிக்கு நம்பிக்கை வந்தது, செய்தி பரவியது. வேலை முடிந்து மாலையில், ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் ஒரு கூட்டமே கூடிவிட்டது. நெளிந்த மெட்டி, உடைந்த கொலுசு, கொக்கி போன தோடு. கற்பனை தேடி வந்தவன் குனிந்த தலை நிமிராமல் ஓட்டை உடைசல் ஒட்டிக்கொண்டிருந்தேன், அதுவும் இனாமாக. கங்காணி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து என் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை ஓய்ந்ததும் என் தேயிலைச் சித்திரத்தை எடுத்துக் காட்டினேன். புகழ்ச்சிக்குக் காத்திருந்தேன் என்பதை மறைக்கவில்லை. மூக்காயி என்று ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பகலெல்லாம் இதத்தான் கிள்ளுறோம். வீட்டுக்கு வந்தா காலுலயுமா?"

"போட்டுக்கக்கா, கங்காணி அதையும் கொழுந்தோட சேத்து நிறுத்து எழுதிக்கிருவாரு" என்றாள் இன்னொருத்தி.

கங்காணிகூடச் சிரித்தார். நான் காகிதத்தை மடித்தேன். அட்டைக்குக் கொடுத்த ரத்தமும் வீண்.

மூக்காயி எழுந்து விளக்குப் பக்கமாக நடந்தாள். அவள் காலில் ஏதோ மின்னியது. ஒரு எட்டு வைத்தால் ஓர் இடத்தில் மின்னியது, அடுத்த எட்டில் இன்னோர் இடத்தில். கங்காணி இருப்பதையும் மறந்து அவள் காலையே பார்த்தேன். பூ இல்லை, கொடி இல்லை. காப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் பட்டைகள், ஒன்று அகலம், ஒன்று குறுகல், ஒன்று சாய்வு. ஒவ்வொரு பட்டையும் தன் முறை வரும்போது வெளிச்சத்தை வாங்கி எறிந்தது. என் ஆயுளில் அப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை. எந்த ஊர்த் தட்டார் செய்தது என்று கேட்டேன்.

"பதுளைக் கடவீதியில ஒருத்தரு. மாங்கா மாங்காயா வெட்டி வச்சிருந்தாரு மனுசன். இடுப்புல கட்டுற படங்குச் சாக்குல மாட்டிக்கிட்டு நூலு நூலா இழுத்துச்சு. மழைக்கு அட்டை வேற மாங்கா இடுக்குல குந்திக்கிரும். வந்த ஆத்தரத்துல கழத்தி அம்மியில வச்சுத் தேச்சுப்புட்டேன். நாளுக்கு ஒரு மாங்கா, ரெண்டு மாங்கா."

காப்பின் வாயருகே உள்பக்கம் பார்க்கட்டுமா என்று கேட்டேன். காலை நீட்டினாள். மூன்று புள்ளி. என் முத்திரை. அந்த மனுசன் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவளுக்குக் கூச்சமே வரவில்லை.

"அப்ப நல்லதாப் போச்சு. மாங்காக்கு வாங்குன கூலியத் திருப்பிக் குடுத்துட்டுப் போங்க."

அந்த ஜோடியைக் கொடுத்தால் அதே எடையில் புதுக் காப்பு செய்து தருவதாகச் சொன்னேன். தாய்ப் பொன்னிலும் மாப்பொன் திருடுவான் தட்டான் என்ற பழமொழி அவளுக்கும் தெரிந்திருந்தது. காலை இழுத்துக்கொண்டாள். சரி, நடந்தாவது காட்டம்மா என்றேன். லயத்து வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு தடவை நடந்தாள். நான் பார்த்தேன். கங்காணி என்னைப் பார்த்தார்.

திரும்பி வந்த வழியை எழுதவில்லை. போன வழியேதான், மழை மட்டும் கூடுதல்.

வீட்டுக்கு வந்ததும் பழைய மாங்காய் ஜோடியை எடுத்து அரத்தால் பட்டை போட்டேன். எல்லாம் ஒரே அளவாக, அழகாக, சன்னல் கம்பி மாதிரி வந்தது. வேண்டுமென்றே கோணலாக அராவிப் பார்த்தேன். கோணலும் ஒரே அளவாக வந்தது. இருபத்தைந்து வருடம் பழகிய கை, தப்பாகச் செய் என்றால் கேட்கமாட்டேன் என்கிறது. ஆகவே அம்மியில் உட்கார்ந்தேன். சட்னியில் வெள்ளி மினுங்குகிறது என்று மனைவி ஒருபக்கம் திட்டினாள். நான் நிதானமாகத் தேய்த்தேன். அதுதான் கோளாறு. எனக்கு அந்த மாங்காய்கள்மேல் கோபம் இல்லை. நான் பெற்ற பிள்ளைகள் போல ஒவ்வொன்றையும் வருந்தி வருந்தி அழித்தேன்.

கார்த்திகை போயிற்று. மார்கழி பாதியில் தங்கம் வந்து நின்றாள். ஒரு காப்பே முடியவில்லை, அதுவும் சன்னல் கம்பி. அவள் கண் கலங்கிவிட்டது. நான் மூக்காயி சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். அவள் என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு அம்மி முன்னால் உட்கார்ந்தாள். என்மேல் இருந்த கோபம், கண்டியார் மேல் இருந்த பயம், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மாங்காயைத் தேய்த்தாள். கல்லிலிருந்து எடுத்துத் தண்ணீர் ஊற்றி வெயிலில் காட்டினாள். பட்டை சாய்வாக விழுந்திருந்தது. பளிச்சென்று கண்ணில் அடித்தது.

நான் எழுந்து கடைக்குப் போய்விட்டேன். இரண்டு காப்பையும், நான் கெடுத்து வைத்ததையும் சேர்த்து, அவளே முடித்தாள். மெருகு மட்டும் நான் போட்டேன்.

கலியாணத்தன்று சம்பந்தி குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. இது எந்த அரம் என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கம், தானே தேய்த்தது என்றாள். அவர் அவள் முகத்தை அப்போதுதான் பார்த்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. மாசி, பங்குனியில் போங்கள். தோட்டத்துக்குச் சம்பள நாளில் போங்கள், அன்று வியாபாரிகளை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. காலுக்குச் சவுக்காரம் தேய்த்துக்கொண்டால் அட்டை ஏறாது. வண்டிக் கூலியைப் பசறைக்கு என்று பேசாமல் கடைசிவரைக்கும் பேசுங்கள். ஆட்களின் முகத்தை முதலில் பாருங்கள், கால் எங்கேயும் போய்விடாது.

கலியாணத்துக்கு வந்தவர்களில் ஏழெட்டுப் பேர் அதே மாதிரி வேண்டும் என்று முன்பணத்தோடு கடைக்கு வந்தார்கள். வாழ்நாளில் முதல் தடவை என் கடையில் ஒரு புது மாதிரி! தங்கத்திடம் கேட்டேன். ஒருவருக்கும் செய்யக் கூடாது என்றாள். மடுல்சீமையில் ஒருத்தி போட்டிருக்கிறாளே என்றேன்.

"அவங்க தேச்சாங்க, போட்டிருக்காங்க. நா தேச்சேன், போட்டிருக்கேன். வேணுங்கிறவங்க தேச்சுப் போட்டுக்கட்டும்."

இதை எழுதலாமா என்றும் கேட்டேன். தாராளமாக எழுதச் சொன்னாள். ஆகவே பதுளைப் பக்கம் வருகிறவர்கள் கடைக்கு வாருங்கள். மாங்காய்க் காப்புதான் கிடைக்கும். அம்மி உங்கள் வீட்டில் இருக்கும்.