எந்தப் பதிப்பு, டீச்சர்?

கம்ப்யூட்டரில் நிரல் எழுதக் கற்றுக்கொடுப்பதைவிட, அதற்குத் தோதான ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாடு என்று என்னைப்போல் பாடம் நடத்தி அவதிப்படும் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இரணியலில் ஒரு சின்னப் பயிற்சி நிலையத்தில் நான் டீச்சர்.

முதல் வரியிலேயே பிழை

முட்டத்திலிருந்து வந்த ஸ்டெல்லாவுக்கு நாற்பது வயது. கணவருக்குத் தோள்பட்டையில் அடிபட்டுக் கடலுக்குப் போக முடியாமல் ஆனதும், ஒரு வேலை தேடிக்கொள்ளலாம் என்று படிக்க வந்தார். பைத்தான் என்ற நிரல்மொழிக்கு யாரோ கொடுத்த புத்தகத்தை வைத்து வீட்டிலும் எழுதிப் பார்த்தார். முதல் பாடத்தின் ஒற்றை வரி ஒரு வாரமாகப் பிழை காட்டியது. இனி வரவில்லை என்று சொல்லத்தான் அன்று வந்திருந்தார்.

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அந்த மொழியின் வழக்கொழிந்த பதிப்புக்கானது. இப்போது அந்த வரிக்கு அடைப்புக்குறி வேண்டும். போட்டதும் ஓடியது. ஸ்டெல்லா சொன்னார்: "புத்தகமா பழசு? எனக்க மண்டதான் பழசாயிட்டுன்னு நெனச்சேன் டீச்சர்."

நானே எழுதிய குறிப்பு

அதன்பிறகு எந்தப் புத்தகத்தையும் நம்பாமல், நானே குறிப்பு எழுதி நகலெடுத்துக் கொடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. நிலையத்தின் கம்ப்யூட்டர்களில் புதிய பதிப்பை ஏற்றிய மறுநாள், எல்லோர் திரையிலும் ஒரே பிழை. நெட் சரியில்லை என்று சமாளித்தேன்.

கொட்டாரத்தில் ஆட்டோ ஓட்டிக்கொண்டே எங்களிடம் படிக்கும் சுயம்பு, மொழியை உருவாக்கியவர்களின் தளத்துக்கே போய், அகராதி வைத்து வாசித்து, ஒரு கட்டளையின் பெயரே மாறிவிட்டதைக் கண்டுபிடித்திருந்தார். எல்லோரும் போனபிறகு தயங்கித் தயங்கி வந்தார்: "குறை சொல்லுகேன்னு நெனைக்காதீங்க டீச்சர். உண்டாக்குனவங்களே மாத்திட்டாங்க, நாமளும் மாத்திருவோம்."

புதுசு, அதைவிடப் புதுசு

அந்த வெட்கத்தில் நான் எதிர்ப்பக்கம் ஓடினேன். திங்கட்கிழமை ஒரு வீடியோ பாடம், வியாழக்கிழமை அதைவிடப் புதியது. ஒவ்வொன்றையும் முதலிலிருந்து தொடங்கியதில், ஒரு மாதமாகியும் வகுப்பு மூன்றாம் பாடத்தைத் தாண்டவில்லை. போன மாதம்தான் வெளிவந்தது என்று இன்னொரு புத்தகத்தை நான் உற்சாகமாகத் தூக்கிக் காட்டியபோது, ஸ்டெல்லா எழுந்து வந்து அதை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார்: "இது போதும் டீச்சர். நீங்க புதுசு தேடுங்க, அதுக்குள்ள நாங்க இத முடிச்சிருதோம்."

அந்த ஒரே புத்தகத்தை முடித்து ஸ்டெல்லா நாகர்கோவிலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார், நான்தான் இன்னும் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறேன்.