அண்ணன் புலம்பாத ஞாயிற்றுக்கிழமைகள்

என் அண்ணன் குத்தகைக்கு நிலம் எடுத்துச் சம்பா போடுகிறவர். எங்களுடையது கடைமடை. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வரும், மழை பெய்தால் முதலில் மூழ்கும். நான் சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில் அடுக்குமாடி எழும்பும் ஒரு சைட்டில் கம்பி கட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா வந்ததும் அண்ணனுக்கு போன் செய்வேன். எடுத்ததுமே புலம்ப ஆரம்பிப்பார். உரம் கிடைக்கவில்லை, எலி வெட்டுகிறது, ஆள் வரவில்லை. நான் சாமான் வாங்கிக்கொண்டே 'ம்' போடுவேன்.

போன தை மாதம், அறுவடைக்கு நாலு நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பயிர் மொத்தமும் சாய்ந்தது. தேறியதை அறுத்துக் கொண்டுபோனால், ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் எடுக்கவில்லை. ரோட்டோரம் குவித்து, தார்ப்பாய் போட்டு, பத்து நாள் காவல் கிடந்தார். குவியலுக்குள்ளேயே நெல் முளைத்துவிட்டது. நிவாரணம் பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் என்றார்கள். நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறார்.

இதையெல்லாம் அண்ணன் சொன்னபோது எனக்கு அலுப்பாக இருந்தது. அந்த வாரம் முழுக்க ஓவர்டைம். "இன்னும் எத்தன வருஷம்ண்ணே இதையே சொல்லிட்டிருப்ப? நெலத்த விட்டுத் தொலை" என்றேன். "சரிடா" என்று போனை வைத்தார்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் அவர் புலம்பவே இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்பார், அங்கே மழையா என்பார், வைத்துவிடுவார். எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

மூன்றாவது ஞாயிறு. லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசாரில் வேலைக்கு பூட்ஸ் வாங்கிவிட்டு, கூட வேலை செய்யும் ராமநாதபுரத்துக்காரரோடு திடலில் உட்கார்ந்திருந்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இரைச்சலில் காது கேட்காமல் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"ஒன் சர்டிபிகேட் எல்லாம் ஒரு பையில போட்டு அண்ணிகிட்ட குடுத்துருக்கேன்டா. ஆட்டையெல்லாம் பக்கத்து வீட்டுல விட்டாச்சு. இனிமே ஒனக்கு என்னால ஒரு தொந்தரவும் இல்ல" என்று அண்ணன் சிரித்தார். உடம்பைப் பார்த்துக்கச் சொல்லி வைத்துவிட்டார்.

ராமநாதபுரத்துக்காரர் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். "மொளகா கருகிப்போன வருஷம் எங்கப்பா இப்படித்தான்ப்பா சிரிச்சுப் பேசுனாரு. நாங்க கண்டுக்கல. ஒங்க அண்ணிக்கு போன் போடு. இப்பவே."

அண்ணி பிள்ளையோடு தன் அம்மா வீட்டில் இருந்தார். "அவருதான் தம்பி போயிட்டு வான்னு அனுப்புனாரு" என்றவர், சொல்லி முடிக்கும் முன்பே அழத் தொடங்கிவிட்டார். அண்ணனைக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். அண்ணியிடம் பக்கத்து வயல் டிராக்டர்காரர் நம்பர் வாங்கிப் பேசினேன். "பாத்துட்டுக் கூப்புடுறேன்" என்று கிளம்பினார்.

இருபது நிமிடம் ஆனது. திடல் முழுக்க ஆட்கள் ஊரோடு பேசிக்கொண்டிருந்தார்கள், வீடியோவில் பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

அண்ணன் மோட்டார் கொட்டகையில் இருந்தார். உயிரோடு இருந்தார். டிராக்டர்காரர் தன் போனை அவரிடம் கொடுத்தார்.

"அண்ணே, செத்துரலாம்னு நெனச்சியா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஆமாடா" என்றார். பிறகுதான் அழுதார். "ரோட்டுல நெல்லுகிட்ட படுத்துக் கெடந்தப்ப, போறவன் வர்றவன் எல்லாம், ஒனக்கென்ன, தம்பி சிங்கப்பூர்ல இருக்கான்னு சொல்லிட்டுப் போனான். நீயும் விட்டுத் தொலைன்னுட்ட. அப்புறம் யாருகிட்டடா சொல்றது?"

"எங்கிட்ட சொல்லுண்ணே" என்றேன்.

அன்றைக்கே அண்ணி வீடு திரும்பினார். கொட்டகையிலிருந்த பூச்சிமருந்தை டிராக்டர்காரர் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பூட்டி வைத்தார். மறுநாள் பெரியாஸ்பத்திரியில் டாக்டரைப் பார்த்தார்கள். அண்ணன் மாதாமாதம் போகிறார், மாத்திரை சாப்பிடுகிறார். நானும் இப்போது தினமும் பேசுகிறேன். எதைப் புலம்பினாலும் முழுக்கக் கேட்கிறேன்.

போன வாரம், அதே நிலத்தை மறுபடியும் குத்தகைக்கு எடுத்திருப்பதாகச் சொன்னார். "வேற என்னடா தெரியும் எனக்கு?" என்றார். நான் வாதாடவில்லை. அறுவடை சமயத்தில் ஊரில் இருக்க வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. அங்கே நாற்று விட்டாகிவிட்டது.