கழுத்துக் கோடுகள்

செந்துறையிலிருந்து அரியலூர் போகும் காலை பஸ்ஸில் அவரைத் தினமும் பார்ப்பேன். எழுபதைத் தாண்டிய வயது, கையில் வேலங்கம்பு. கழுத்தில் ஊதா மையால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்டிருக்கும். வியர்வை கழுத்துக்கு இறங்கும் முன்பே துண்டால் முகத்தில் ஒற்றி எடுத்துவிடுவார்.

அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர் நல்ல மனசோடுதான், "பெரியவரே, கழுத்துல மை ஒட்டியிருக்கு, இருங்க" என்று ஈரத்துண்டை நீட்டினார். துண்டு படுவதற்குள் பெரியவரின் கம்பு அந்த ஆளின் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து பல் தெறித்தது.

நாலைந்து பேர் பெரியவரை இழுத்துக் கீழே தள்ளி மிதித்தார்கள். மண்டையில் அடி விழ விழ, அவர் இரண்டு கைகளாலும் கழுத்தையே காத்துக்கொண்டு கிடந்தார்.

கண்டக்டர் புகுந்து தடுத்தார். "ஏன் பெருசு, தொடச்சுவுட வந்த மனுஷன இப்புடியா அடிப்ப?"

"அரியலூர்ல பஸ்ஸு மாறித் தெனமும் திருச்சி போறேன், கரண்டு வைக்கிறாங்க. கேன்சரு." குரல் பாதிதான் வந்தது. "இந்தக் கோட்டப் பாத்துத்தான் மிஷினையே வைப்பாங்க. போன மாசம் மருமவ எண்ணெ தேச்சித் தலைக்கு ஊத்திவுட்டா, அழிஞ்சுபோச்சு. மறுபடியும் கோடு போட ஆஸ்பத்திரி வராண்டாவுல நாள்கணக்கா கெடந்தேன். நம்மூருல அந்த மிஷினு இருந்தா இந்தக் கோட்டோட பஸ்ஸுல இடிபடுவனா, நான் ஏன் கம்பத் தூக்கறேன்?"

மிதித்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அவர் புருவத்திலிருந்து ரத்தம் இறங்கியது. கைக்குட்டையை நீட்டினேன். வாங்காமல் முகவாயை உயர்த்திக் காட்டினார்.

"கோட்டுல ரத்தம் பட்டுருச்சாங்க?"

"இல்லைங்க."

உடனே தலையைக் குனிந்துகொண்டார். அரியலூர் வரை அப்படியே, ரத்தத்தை பஸ்ஸின் தரையில் சொட்டவிட்டபடி உட்கார்ந்திருந்தார்.