மாயவன் நம்பர்ல இருந்து வர்ற கட்டைவிரல்

காலைல அஞ்சே முக்காலுக்கு அனுஷியா குரூப்ல மெசேஜ் போட்டா, ஆறு மணிக்குள்ள அதுமேல இருபத்திரெண்டு கட்டைவிரல் வந்து நின்னுடும். உப்பளத்துல வேலை செய்யறவங்க மொத்தம் இருபத்திரெண்டு பேரு. மாயவன் செத்து ஒன்பதாவது நாளும் இருபத்திரெண்டுதான் வந்துச்சு.

அவ போனை மேசைல கவுத்து வச்சிட்டா. ஒன்பது நாளா இதேதான். கடைசியா வர்ற பேரு மாயவன். அந்தாள் நம்பரை குரூப்ல இருந்து தூக்கறதுக்கு அவளுக்குக் கையே வரல. ஞாயித்துக்கெழம சர்ச்சுப் பூசைல முட்டி போட்டு நிக்கறப்பகூட, பைக்குள்ள போன் அதிருற மாதிரியே இருந்துச்சாம்.

அனுஷியாவுக்கு ஊரு கீழ்புத்துப்பட்டு. அப்பா பஸ் கண்டக்டர். தபால்ல எம்பிஏ படிச்சு, மரக்காணத்துல ஒரு உப்புக் கம்பெனில ஆளுங்களைப் பாத்துக்கற வேலைக்கு வந்தா. அப்பல்லாம் அளத்துல சேதி போறதே கூத்துதான். மேஸ்திரி வரப்பு மேல நின்னு கத்துவாரு, கடைசிப் பாத்திக்குப் போறதுக்குள்ள சேதி வேற எதுவாவோ மாறிடும். கம்பெனி அவளைப் பாண்டில ஒரு ஓட்டலுக்கு ஒருநாள் டிரெய்னிங் அனுப்புச்சு. 'சொன்னா மட்டும் போதாது, பதில் வந்தாதான் சேதி முடிஞ்சுது'ன்னு அங்க சொன்னாங்க. நோட்டுல ரெண்டு கோடு போட்டு எழுதிக்கினு வந்தா.

வந்தவ வாட்ஸப் குரூப் ஆரம்பிச்சா. ஒருத்தரும் பதில் போடல. உடனே ரூல் போட்டா: மெசேஜ் மேல கட்டைவிரல் வச்சாதான் அன்னிக்கி வருகை. மறுநாளே இருபத்திரெண்டு விரல்! மேனேஜர் செல்லப்பன் சார் பூரிச்சுப் போய் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஹெட் ஆபீஸுக்கே அனுப்புனாரு. ஆண்டு விழால அவளுக்கு ஷீல்டு.

மாயவன் செத்த அந்தத் திங்கக்கெழமைக்கு முந்தின சாயந்திரம், நாலாம் நம்பர் மோட்டார்ல கரண்ட் லீக் ஆவுதுன்னு எலக்ட்ரீஷியன் சொல்லிட்டுப் போனான்.

"சார், லைனை ஆஃப் பண்ணி மோட்டார் ஷெட்டைப் பூட்டிடலாமா?"ன்னு செல்லப்பன் சாரை அனுஷியா கேட்டா.

"மத்த மூணு மோட்டாரும் அதே லைன்மா. வேலை நின்னுடும். மெசேஜ் போடு, பதில் வருதில்ல? அப்புறம் என்ன?"

அவளுக்கும் அது போதும்னுதான் பட்டுச்சு. காலைல போட்டா: 'நாலாம் நம்பர் மோட்டாரை யாரும் தொடாதீங்க.' மொத விரலே மாயவன்தான், அஞ்சு நாப்பத்தாறுக்கு. ஏழு மணிக்கு அந்தாள் நேரா ஷெட்டுக்குப் போய், பாத்திக்குத் தண்ணி எடுக்க அதே மோட்டார்ல கைய வச்சாரு.

இன்னிக்கி செல்லப்பன் சார் ஒரு பேப்பரை நீட்டுனாரு. எச்சரிக்கை குடுத்தாச்சு, தொழிலாளி படிச்சு ஒத்துக்கிட்டாருன்னு இருந்துச்சு. கூடவே அன்னிக்கி மெசேஜோட ஸ்கிரீன்ஷாட், மாயவன் விரலோட.

"சாயந்திரத்துக்குள்ள கையெழுத்து போட்டுடும்மா. உனக்கும் நல்லது."

படிச்சும் தொட்டான்னா, சாவுப் பழி மாயவன் தலைமேலதான் விழும். அவ பேனாவை மூடி வச்சிட்டு ஸ்கூட்டியை எடுத்துட்டா. ரோட்டோட ரெண்டு பக்கமும் உப்புக் குவியல், வெள்ளைத் துணி போத்திப் படுக்க வச்ச மாதிரி. அவ அந்தப் பக்கம் பாக்கவே இல்ல.

மாயவன் பொண்டாட்டி ஆராயி வாசல்ல ஒக்காந்து அரிசி பொடச்சிக்கினு இருந்தா.

"வாங்க மேடம். ஏசி ரூம விட்டு எங்க ஊட்டுக்கெல்லாம் வர்றீங்க!"

"அக்கா, அண்ணன் போனு யாருகிட்ட இருக்குது?"

"எங்கிட்டதான். ஏன், கரெக்டா அமுக்கிடறேனே? காரியம் முடியறதுக்குள்ள அந்தாளுக்கு ஆப்சென்ட் விழக்கூடாது பாரு. பதினாறு வருஷத்துல ஒருநாள் லேட்டாப் போனதில்ல."

அனுஷியா கிட்ட வந்து கேட்டா. "அவரு உசுரோட இருந்தப்ப?"

"அப்பவும் நான்தான். அது அஞ்சரைக்கே கெளம்பிடும். உப்புத்தண்ணி பட்டா போன் கெட்டுடும்னு எவன் எடுத்துனு போறான்? எல்லா ஊட்லயும் பொம்பளைங்களோ புள்ளைங்களோதான் அமுக்கறோம். இதுகூடத் தெரியாதா உனக்கு?"

தெரியாது. ரெண்டு வருஷமா ஒருத்தரைக்கூட அவ கேக்கல.

ஆராயி மொறத்தை நிறுத்திட்டா. "அன்னிக்கி என்னா மெசேஜ் போட்டிருந்த? எனக்குப் படிக்கத் தெரியாது."

வேற எதையாச்சும் சொல்லிட்டு ஓடிடலாம். வண்டிச் சாவி கையிலயேதான் இருந்துச்சு.

"நாலாம் நம்பர் மோட்டாரைத் தொடாதீங்கன்னு போட்டேன்க்கா."

ஆராயி மொறத்தைக் கீழ வச்சிட்டு எழுந்தா. உள்ள போய் போனை எடுத்துனு வந்தா. "எது, காட்டு."

காட்டுனா. ஆராயி அந்த மஞ்சக் கட்டைவிரலையே பாத்துக்கினு இருந்தா.

"அப்ப நான்தானா?"

"இல்லக்கா. படிச்சீங்களான்னு நான் கேக்கல. அமுக்குங்கன்னுதான் சொன்னேன்."

"இத எடுக்க முடியுமா?"

"முடியும்க்கா. இன்னொருவாட்டி அமுக்குனா போயிடும்."

ஆராயி விரலைப் போன் கண்ணாடிகிட்ட கொண்டுபோனா. அப்புறம் மடக்கிக்கிட்டா. "வேணாம், இருக்கட்டும். அந்தாளு வைக்கல, நான்தான் வச்சேன்னு எழுது. தெரிஞ்சே போய்த் தொட்டான்னு மட்டும் எழுதிடாத."

சாயந்திரம் அனுஷியா சார் குடுத்த பேப்பரைத் தொடவே இல்ல. புதுசா ஒண்ணு எழுதுனா. சேதி அவருகிட்ட போய்ச் சேரவே இல்ல, போன் வீட்ல இருந்துச்சு, விரல் வச்சது அவரு இல்ல, ரூல் போட்டது நான், ஷெட்டைப் பூட்டாம விட்டது நாங்க. செல்லப்பன் சார் படிச்சுட்டு, "ஷீல்டு வாங்குன பொண்ணா நீ?"ன்னாரு. வேலை இருக்குமா போவுமான்னு அவளுக்குத் தெரியாது. ஹெட் ஆபீஸுக்கு அவளே அனுப்பிட்டா.

மறுநாள் மெசேஜ் போடல. விடியறப்பவே அளத்துக்குப் போய் வரப்புல நின்னா. ஷெட்டுல பூட்டு தொங்குச்சு. நாலாம் நம்பரை ஏன் தொடக்கூடாதுன்னு வாயால சொன்னா. ஒவ்வொருத்தரையும் திருப்பிச் சொல்ல வச்சா. "என்னா மேடம், ஸ்கூல் புள்ளைங்களா நாங்க?"ன்னு ஒருத்தன் சிரிச்சான், ஆனா சொன்னான்.

இருபத்தொரு பேரு சொல்லி முடிச்சு பாத்தில எறங்கிட்டாங்க. அவ மட்டும் இன்னும் ஒரு ஆளு பாக்கி இருக்கற மாதிரி அங்கயே நின்னுக்கினு இருந்தா.