அடுப்பங்கரைச் சுவருக்கு ஒரு முட்டு

நான் ஒன்பதாவது படித்தபோது, சென்னையில் வேலை பார்த்த மாமா ஒரு பில்டிங் செட் வாங்கி வந்தார். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பிளாஸ்டிக் செங்கல். ஒன்றின் தலையில் ஒன்றை வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். பெட்டியின் மேல் ஒரு வீட்டின் படம். புல்வெளி, பூந்தொட்டி, புகைக்கூண்டு. ஒரு சொட்டுக்கூட ஒழுகாத வீடு என்று பார்த்தாலே தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உத்திரமேரூரைச் சுற்றி அப்படியொரு வீட்டை நான் எங்கே கண்டேன்? கட்டினால் எங்கள் வீட்டைத்தான் கட்டுவேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீடு பாகம் பிரியாத வீடு. ஒரு பாதியில் நாங்கள், மறு பாதியில் பெரியப்பா குடும்பம். ஓடு மாற்றினால் அண்ணனுக்கும் சேர்த்துத் தண்டச் செலவு என்பது நைனாவின் கணக்கு. தம்பிக்கு நான் எதற்குக் கொத்தனார் வைக்க வேண்டும் என்பது பெரியப்பாவின் கணக்கு. இரண்டு பேரும் மகா மானஸ்தர்கள். மழை ஒழுகினால் குண்டான் வைப்பார்கள், அண்டா வைப்பார்கள், ஓடு மட்டும் வைக்க மாட்டார்கள்.

பளபளவென்றிருந்த செங்கலைத் துவைக்கிற கல்லில் தேய்த்தேன். சுண்ணாம்பும் கரித்தூளும் குழைத்துப் பூசி, காய்ந்ததும் நகத்தால் சுரண்டினேன். கிணற்றடிப் பாசியை வழித்துச் சுவரின் அடியில் அப்பினேன். கூரையில் பாதி ஓட்டைப் பிடுங்கிவிட்டு அங்கே சாக்குத் துண்டைப் போட்டேன். சுவர் விரிசலில் முளைத்திருந்த அரசஞ்செடிக்கு ஒரு முருங்கைக் கொழுந்து. சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் வீட்டைவிட அதுதான் எங்கள் வீடு மாதிரி இருந்தது.

அம்மா வந்து குனிந்து பார்த்தாள். அவள் கண் நேராக அடுப்பங்கரைச் சுவருக்குப் போனது. இரண்டு பாகத்துக்கும் நடுவிலிருந்த மண்சுவர் அது, எங்கள் அடுப்பின் மேல் தொந்தி தள்ளிக்கொண்டு நின்றது. அதன் கீழேதான் அவள் மூன்று வேளையும் ஆக்கிப்போட்டாள். பொம்மை வீட்டில் அந்தச் சுவருக்கு ஒரு தீக்குச்சியை முட்டாகக் கொடுத்திருந்தேன்.

"இதுலயாவது குடுத்தியே," என்றவள், அன்றைக்கே நைனாவிடம் கேட்டாள். "ஏங்க, மழைக்காலம் வருது. ஒரு பனங்கட்டயாவது முட்டு குடுங்க. என் தலமேல வுழுந்துடும் போல கீது."

"பாகம் பிரிக்கப் பேசிக்கினு கீறோம், இப்பப் போயி முட்டா? கொஞ்சம் பொறு."

உண்மையாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். மத்தியஸ்தத்துக்கு ஓர் ஊர்ப் பெரியவரை வைத்திருந்தார்கள். யார் பாகம் அதிகம் பாழோ, அவருக்கே வீட்டுக்குப் பின்னாலிருக்கும் புளியமரத்து மனை என்று அவர் சொல்லிவிட்டார். பாகங்களைப் பார்வையிட ஒருநாள் வந்தவர், வாசற்படியில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் காலை உள்ளே வைக்கவே இல்லை. தெருவோரம் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். யாரோ என் பொம்மை வீட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட, அவருக்கு முகம் மலர்ந்தது.

"அடேங்கப்பா, அச்சு அசல் கீதே! இத வச்சே பாத்துடலாம். இன்னாத்துக்கு உள்ள போயி ஓட்ட தலைல வாங்கிக்கணும்?"

அவர் தலை விலை மதிப்புள்ள தலை. நாங்கள் அதே கூரையின் கீழே தின்று தூங்கிக்கொண்டிருந்தோம், எங்கள் தலையெல்லாம் என்ன தலை! அடுத்த வாரம் வந்து முடிவு சொல்வதாகக் கிளம்பிப் போனார்.

அன்று முதல் எனக்கு வந்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே! பஸ் ஸ்டாண்டு பக்கோடாவோடு பெரியப்பா வந்தார். அதற்குமுன் எனக்கு ஒரு கமர்கட்டு வாங்கித் தந்தவரில்லை.

"இன்னா கண்ணு, எம் பக்கம் இவ்ளோ நல்லா கட்டிகீற? எங்கூட்டுத் தூணு இப்பிடியா நிக்குது? இன்னும் நாலு ஓட்டப் பேத்து வுடு. அந்த மூலைல பெருசா ஒரு விரிசல் போடு."

பேர்த்தேன். பக்கோடா நன்றாகவே இருந்தது. சாயங்காலம் நைனா வந்து பார்த்துவிட்டு எகிறினார். "அவரு பக்கம் மட்டும் இடிஞ்சி கெடக்குதே, நீ யார் வூட்டுப் பொண்ணு?" எங்கள் பக்கத்துக் கூரையைத் தன் கையாலேயே பிய்த்தார். மறுநாள் பெரியப்பா ஒரு சுவரைத் தள்ளிவிட்டுப் போனார். தங்கள் வீட்டுக்கு இந்த இரண்டு பேரும் வேலை செய்து அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன், அதுவும் இடிக்கிற வேலை.

கடைசியில் நைனாவின் கண் தீக்குச்சியில் பட்டது.

"இன்னாது இது?"

"முட்டு, நைனா. அம்மாவுக்கு."

"முட்டு குடுத்தா செவுரு ஸ்ட்ராங்கா கீதுன்னு ஆயிடும். மனை கைய வுட்டுப் பூடும்." பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். அடுப்பில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். பிளாஸ்டிக் வீட்டில்கூட அவளுக்கு ஒரு குச்சி நிற்க விடவில்லையே இந்த மனுஷன்!

அந்த வாரமே மழை பிடித்தது. விடாமல் பெய்து வெறித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உலையைப் போட்டுவிட்டுக் கறிவேப்பிலை பறிக்க அம்மா தோட்டத்துக்கு வந்தாள். நானும் கூட இருந்தேன். உள்ளே திமுதிமுவென்று ஒரு சத்தம். பின்வாசல் வழியாகப் புகை மாதிரி மண் தூசி கிளம்பியது. அடுப்பு, உலைப்பானை, அம்மா உட்காருகிற மணை எல்லாம் சுவருக்கு அடியில்.

நாங்கள் பின்வாசலுக்கு வருவதற்குள் நைனாவும் பெரியப்பாவும் முன்பக்கமாக ஓடி வந்திருந்தார்கள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மண்மேட்டைப் பார்த்து நின்றார்கள்.

"மண்ணு எந்தப் பக்கம் ஜாஸ்தி வுழுந்துக்குது, பாத்துக்க," என்றார் நைனா. "எம் பக்கந்தான்."

"வுழுந்தது உம் பக்கம், சரி. செவுரு இல்லாம தொறந்து கெடக்கிறது எம் பக்கமாச்சே?" என்றார் பெரியப்பா. "யாரும் மண்ண அள்ளாதீங்க. பெரியவரு வந்து பாக்கட்டும்."

இரண்டு பேரும் குனிந்து மண்ணை அளந்துகொண்டிருந்தார்கள். அம்மா கறிவேப்பிலைக் கொத்தைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் அவர்கள் முதுகையே பார்த்தாள்.

"யாரும் கேக்கல, நானே சொல்லிடறேன்," என்றாள். "நான் அதுக்கு அடில இல்ல."