இடதுபக்கத்துச் சூடு

வங்காளத்து பெஹாலாவில் நாற்பது வருடமாக ரேடியோ பழுது பார்க்கிறேன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனாலும் இன்ஜினியர்கள் கைவிட்ட பெட்டிகள் என் கையில் பேசியிருக்கின்றன. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

அன்று கடலோரத் தீவுகளுக்குப் புயல் எச்சரிக்கை. செல்போன் கோபுரம் சாய்ந்தால் அங்கிருந்து பேச, தன்னார்வலர்களின் டிரான்ஸ்மிட்டர் ஒன்றுதான் வழி. மதியப் படகில் அது போயாக வேண்டும். கொண்டுவந்தவள் காவேரி, இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

அதில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் சிக்னலைச் சரிபாதியாகச் சுமக்க வேண்டும். இடதுபக்கத்தது மட்டும் கொதித்தது.

"டூப்ளிகேட் சரக்கு வாங்கிட்டு வந்து என் உயிரை எடுக்கறே" என்று அதட்டிவிட்டுப் புதிதைப் போட்டேன். அதுவும் கொதித்தது.

"காகு, ரெண்டையும் இடம் மாத்திப் பாத்தீங்களா?" என்றாள் காவேரி. சித்தப்பாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"எனக்கே பாடமா?" என்றபடி மாற்றினேன். சூடு இடதுபக்கமே நின்றது. அப்படியென்றால் கோளாறு டிரான்சிஸ்டரில் இல்லை, அந்தப் பக்கத்துச் சர்க்யூட்டில்.

அங்கே போன வருடம் நான் வைத்த ரெசிஸ்டர் இருந்தது. சரியான மதிப்பு கைவசம் இல்லாததால், கிட்டத்தட்ட அதற்கு நெருங்கிய ஒன்றைப் பற்றவைத்திருந்தேன். மதிப்பு வேறுபட்டதைக் காவேரியும் பார்த்துவிட்டாள். இருபக்கமும் ஒரே மதிப்பில் மாற்றியதும் சூடு சமமானது.

அவள் போனில் படகுக்காரரிடம் வங்காளத்தில் சொன்னாள்: "ஒரு பார்ட் பழசாயிடுச்சு அண்ணா. காகு கண்டுபிடிச்சிட்டார்."

பார்ட் பழசாகவில்லை, அது என் கைவேலை என்று சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. இங்கேதான் சொல்கிறேன்.